அஞ்சலை வந்து போன ஞாயிறு

பண்ணையார் ஒருவரை மாடு உதைத்துத் தள்ளியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை காலை. மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கியிருந்த சமயம். தொழுவத்துக் கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால்களுக்கு நடுவே பித்தளைச் சொம்பை இடுக்கிக்கொண்டு, ராஜியின் அப்பா செவலைப் பசுவின் பக்கத்தில் குந்தினார். பசு திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தது. அடுத்த நொடி சொம்பு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

சாணியில் கையூன்றி எழுந்தவர்தான் முதலில் சிரித்தார். "பாத்தியாம்மா, மாடும் அவங்க சங்கத்துல சேந்துடுச்சு" என்றார் என்னிடம். ராஜி சிரித்துச் சிரித்துத் தொழுவத்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள். நானும் சிரித்தேன்.

இந்தத் தொடரில் விடுதிச் சாப்பாட்டைப் பற்றி எழுதிய வாரத்தில் ராஜியின் பெயர் ஓரிடத்தில் வந்துபோனது. அந்த ராஜலட்சுமி இப்போது எங்கே இருக்கிறார் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். ராஜி போன ஆவணியில் காலமானாள். அவள் இருந்தவரை இதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

மாடியில் ஓர் அறை

நானும் ராஜியும் நாகப்பட்டினத்தில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தோம். ஒரே அறை. நான் நாகூர்ப் பெண். வாப்பா பினாங்கில் கடை வைத்திருந்தார். உம்மா என்னை அடுத்த தெருவுக்கு அனுப்பவே ஆயிரம் யோசிப்பவர். அப்படிப்பட்டவர், சனி ஞாயிறு இரண்டு நாள் ஒரு சிநேகிதி வீட்டில் தங்கச் சம்மதித்தார் என்றால் அதற்கு ராஜியின் அப்பாதான் காரணம். அவரே நாகூருக்கு வந்து, எங்கள் வீட்டு வாசலில் நின்றபடியே, "உங்க பொண்ணை எம் பொண்ணு மாதிரி பாத்துக்கிறேங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். உம்மா கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டுவிட்டு, "நல்ல மனுசரா தெரியுது" என்றார்.

நல்ல மனிதர்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திருத்துறைப்பூண்டியில் நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது காருடன் அவரே காத்திருந்தார். டிரைவர் வரவில்லை. இரண்டு பக்கமும் வயல், நடுவில் மண்சாலை. வாய்க்கால் கரைதொட்டு ஓடியது. வீடு ஊரைவிட்டுச் சற்றுத் தள்ளி, தென்னந்தோப்புக்கு நடுவே இருந்தது. அவருடைய தாத்தா கட்டியது. ரங்கூன் தேக்கு, மாடி ஜன்னல்களில் சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடி. வெயில் ஏறினால் தரையில் வண்ணக் கட்டங்கள் விழும். அவர் பெரும்பாலும் தஞ்சாவூரில் இருந்தார். நடவுக்கும் அறுப்புக்கும்தான் இங்கே வருவார்.

மாடியில் கிழக்கு அறையை எனக்காகக் கழுவி, புதுப் பாய் ஒன்று போட்டிருந்தார். "தொழுகைக்கு எந்தப் பக்கம் திரும்பணும்னு விசாரிச்சு வச்சுட்டேம்மா. அந்தப் பீரோ மறைச்சுது. நானே நகத்திட்டேன்" என்றார். "கறி வாங்கல. உங்க பக்கம் அறுக்கிற முறை வேற. மீனுன்னா சங்கடம் இல்லையே?"

அந்தப் பீரோவை நகர்த்த நான்கு ஆள் வேண்டும். அவர் தனியாக நகர்த்தியிருக்கிறார். நகர்த்துவதற்கு ஆள் இல்லை.

முற்றிய நாற்று

ஏன் ஆள் இல்லை என்பதை வெள்ளிக்கிழமை இரவே ராஜி சொல்லிவிட்டாள். வேலைநிறுத்தம். கூலியைக் கூட்டித் தராமல் இரண்டாம் போகத் தாளடி நடவுக்கு இறங்க மாட்டோம் என்று பண்ணையாட்கள் குடியிருக்கும் தெரு முழுக்க உட்கார்ந்துவிட்டது. மாடு மேய்ப்பவர், வீடு பெருக்குபவர், தண்ணீர் எடுப்பவர், காரோட்டி யாரும் பண்ணை வீட்டுப் படியேறுவதில்லை. குறுவை அறுத்த வயல்களை உழுது சமன் செய்து தண்ணீர் கட்டியாகிவிட்டிருந்தது. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. இன்னும் சில நாள் போனால் பிடுங்கி நட்டாலும் தூர் கட்டாது.

எங்கள் மாவட்டத்தில் அப்போது இது புதிய செய்தி இல்லை. ஆட்சி மாறிய புதிது. நில உச்சவரம்பு வரப்போகிறது, குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே என்று மேடைக்கு மேடை பேசினார்கள். ராஜியின் அப்பாவும் கட்சிக் கரை போட்ட வேட்டிக்கு மாறியிருந்தார். வெளியாள் இறக்கிய ஊர்களில் அடிதடி, தீ என்று பேப்பரில் வந்தது. தன் ஊரில் அப்படி எதுவும் நடக்கக் கூடாது என்று அவர் நினைத்தார். வெளியாளும் கூப்பிடவில்லை, போலீஸையும் கூப்பிடவில்லை. "நம்ம ஜனங்கதானே. கோவம் ஆறட்டும்" என்பார்.

அதனால் அந்த இரண்டு நாளும் வீட்டு வேலையெல்லாம் எங்களுக்கு விளையாட்டானது. ராஜி சமைத்தாள், நான் கிணற்றில் இறைத்தேன். அவர் தேங்காய் துருவி விரலைக் கிழித்துக்கொண்டார். மத்தியானம் மாடியில் சீட்டாட்டம். எனக்கு ஆடத் தெரியாது என்றதும் எனக்குப் பின்னால் உட்கார்ந்து என் சீட்டைப் பார்த்து, தன் பெண்ணையே தோற்கடிக்கச் சொல்லிக்கொடுத்தார். என் வாப்பா நான்கு வருடத்துக்கு ஒரு முறை கப்பலில் வருபவர். ஒரு தகப்பன் இப்படிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து ஆடுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ராஜிக்குத் தாய் இல்லை. பெற்ற நான்காம் நாள் ஜன்னியில் போய்விட்டார். குழந்தை எந்தப் பாலும் குடிக்காமல் சுருண்டுகொண்டிருந்தது. தெருவில் அஞ்சலை என்ற பெண்ணுக்கு அந்த வாரம்தான் ஒரு பிள்ளை பிறந்து தங்காமல் போயிருந்தது. சொந்தக்காரர்கள் கூடாது கூடாது என்று குதித்தார்கள். "எம் பிள்ளை பொழைக்கணும். மத்ததெல்லாம் அப்புறம்" என்று ராஜியின் அப்பாவே தெருவுக்குள் நடந்து போய் அஞ்சலையை அழைத்து வந்தார். சேரி என்று எல்லோரும் சொல்லிவந்த அந்தத் தெருவுக்குள் பண்ணையார் ஒருவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை என்பார்கள்.

அஞ்சலையின் பாலில்தான் ராஜி வளர்ந்தாள். அஞ்சலைக்கு அதற்குப் பிறகு பிள்ளை இல்லை. அவருடைய கணவர் கலியன்தான் அந்தச் சமயம் தெருவில் சங்கத் தலைவர்.

கொல்லைப்புறம்

ஞாயிற்றுக்கிழமை காலை நான் தலை குளித்துவிட்டுக் கொல்லையில் வெயிலில் நின்றிருந்தேன். வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு ஓர் அம்மாள் வந்தார். ஒல்லியான, உயரமான உடம்பு. முந்தானைக்குள் ஏதோ மறைத்து வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"பாப்பா இருக்கா?"

நான் பதில் சொல்வதற்குள் ராஜி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "அஞ்சலம்மா!"

முந்தானைக்குள் இருந்தது வாழைமட்டையில் சுற்றிய விரால் மீன். வாலில் இன்னும் துடிப்பு இருந்தது. விடுதியிலிருந்து ராஜி வரும்போதெல்லாம் அஞ்சலை ஏதாவது கொண்டுவருவாராம்.

"இது யாரு, உன் கூட்டாளியா? எந்த ஊரு?"

நாகூர் என்றேன். அவருடைய முகம் விரிந்தது. "நாகூரா! இவளுக்கு மூணு வயசுல வயித்துச் சூலை கண்டு உசுரு போகப் பாத்துச்சு. எங்க ஊட்டுக்காரரும் நானும் தூக்கிக்கிட்டு ஒங்க தர்காவுலதான் போயி படுத்தோம். தர்கா எசமான் புண்ணியம், எந்திரிச்சு ஒக்காந்து முறுக்குக் கேட்டா."

"உள்ள வாங்க அஞ்சலம்மா" என்றாள் ராஜி.

"உள்ளல்லாம் வரப்படாது. வேலைநிறுத்தம்ல. ஒரு துரும்பு தொட மாட்டேன் பாப்பா, சொல்லிப்புட்டேன். உன்னைப் பாக்க வந்தது வேற." துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தார். ராஜி அவர் காலடியில் உட்கார்ந்து சடையை அவிழ்த்துவிட்டாள். அஞ்சலை தலையை விலக்கிப் பார்த்தார். "விடுதியில என்ன, பேன் பண்ணையா வச்சிருக்காங்க?"

"இது மட்டும் வேலை இல்லையா?" என்று கேட்டேன்.

"இது எம் பொழுதுபோக்கு" என்றார். மூவரும் சிரித்தோம்.

காரியக்காரர் பக்கிரிசாமி அந்த நேரம் பார்த்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தோப்பு வழியே போனார். வயல் கணக்கெல்லாம் பார்ப்பவர் அவர். எங்களைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போனார். மாடி ஜன்னலிலிருந்து ராஜியின் அப்பாவின் குரல் கேட்டது. "யாரு, அஞ்சலையா? இரு, காப்பி குடிச்சுட்டுப் போ." அஞ்சலை சட்டென்று எழுந்து, "இருக்கட்டுங்கய்யா" என்று சொல்லிவிட்டு ராஜியின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெற்றியில் சொடுக்கிக்கொண்டு படலைத் தாண்டிப் போய்விட்டார்.

விராலைக் குழம்பு வைத்தோம். ராஜியின் அப்பா இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வாய்க்கால் கரை

வெயில் சாய்ந்ததும், "வாங்க பிள்ளைங்களா, ஒரு நடை போயிட்டு வருவோம். இவ்வளவு நல்ல காத்தை வீணாக்கக் கூடாது" என்றார். நாற்றங்கால் வரைக்கும் போனோம். வயல் தண்ணீரில் வானம் முழுக்க இறங்கியிருந்தது. மடையான் கொக்குகள் ஒற்றைக் காலில் நின்றன. பனி வாசனையும் சேற்று வாசனையும் கலந்து வந்தன.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பூவரச மரத்தடியில் தெரு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்களும் பெண்களுமாகப் பெரிய கூட்டம். எங்களைக் கண்டதும் சிலர் பழக்கத்தில் எழுந்தார்கள், பிறகு உட்கார்ந்தார்கள். கலியன் மட்டும் எழுந்து கரைக்கு வந்தார். கட்டையான மனிதர், நரைத்த மீசை. அஞ்சலை அங்கே இல்லை.

"என்ன கலியா, நாத்து முத்துது. நாளைக்காவது எறங்குறீங்களா?"

"கூலியைச் சொல்லுங்க. இப்பவே எறங்குறோம்."

"கூலி பேச நேரம் இருக்குப்பா. நாத்துக்குத்தான் நேரம் இல்ல."

"எங்க வயித்துக்கும் நேரம் இல்லீங்க. நாத்தாவது தண்ணியில நிக்குது."

கூட்டம் சிரித்தது. கேலியாக இல்லை, வெகுநாள் கழித்து வந்த சிரிப்பாக இருந்தது. பெண்கள்கூடச் சிரித்தார்கள். ராஜியின் அப்பாவும் சிரிக்கப் பார்த்தார். முந்தின நாள் மாடு உதைத்தபோது வந்த சிரிப்பு இப்போது வரவில்லை. அவர் முகம் சிவந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

"நல்லாப் பேசுறே கலியா" என்றார். குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். "ஊரையெல்லாம் பட்டினியில உக்கார வச்சுட்டு, உம் பொண்டாட்டியை மட்டும் எங்க வீட்டுக் கொல்லை வழியா அனுப்பி வைக்கிறே. காலையில அஞ்சலைக்கு எங்க வீட்டுல என்ன வேலை?"

சத்தம் அப்படியே நின்றுவிட்டது. கலியன் ராஜியின் முகத்தைப் பார்த்தார்.

"பொய்யி!" என்று மரத்தடியிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "அஞ்சலை அப்படிச் செய்யாது!"

ராஜி துடித்துப்போய் முன்னால் வந்தாள். "அப்பா, என்னப்பா பேசுறீங்க? அவங்க வேலைக்கா வந்தாங்க? என்னைப் பாக்கத்தானே வந்தாங்க!"

அவர் இரண்டு கையையும் விரித்துக் கூட்டத்தைப் பார்த்தார். "கேட்டீங்கல்ல? நான் சொன்னா பொய்யி. எம் பொண்ணு சொல்லுது. வந்தா."

கூட்டத்தில் ஓர் இளைஞன் எழுந்து, "என்னண்ணே இது?" என்று கலியனைக் கேட்டான். கலியன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த துண்டை மறுபடி தோளில் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, கரையோடு நடந்து போய்விட்டார்.

வீடு திரும்பும் வழியில் ராஜியின் அப்பா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். "ராத்திரிக்கு அடை வாக்கலாமா?" என்று கேட்டார். ராஜி மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் காரில் புறப்பட்டோம். நாற்றங்கால் பக்கம் வந்தபோது அவர் வண்டியை நிறுத்தினார். வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். தலைவன் பெண்டாட்டியே போகும்போது நாம் ஏன் காய வேண்டும் என்று ராத்திரியே பாதித் தெரு சொல்லிவிட்டதாம். மீதிப் பேர் அவர்கள் பின்னால் இறங்கியிருக்கிறார்கள். கூலி பழைய கூலிதான். வழக்கமாக நடவில் குலவைச் சத்தம் கேட்கும். அன்று நாற்றைச் சேற்றில் ஊன்றும் சத்தம் மட்டும் கேட்டது.

ராஜி ஜன்னல் வழியே ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"வந்தாளா இல்லையா?"

பொங்கலுக்கு ராஜி ஊருக்குப் போகவில்லை. கலியனும் அஞ்சலையும் அந்த வாரமே தெருவைவிட்டுப் போய்விட்டார்கள் என்று மட்டும் தெரிந்தது. தெருவே கூடிக் கலியனைக் காட்டிக்கொடுத்தவன் என்றதாம். அஞ்சலையை ஒரு பெண் முகத்துக்கு நேரே காறித் துப்பினாளாம்.

ராஜி தன் அப்பாவோடு சண்டை போட்டதில்லை. அவர் வந்தால் பேசுவாள், சாப்பிட்டீர்களா என்று கேட்பாள். அந்த வீட்டில் மட்டும் அதற்குப் பிறகு ஓர் இரவுகூடத் தங்கவில்லை. அவருக்கு அது புரியவே இல்லை. ஒரு முறை விடுதிக்குப் பலகாரக் கூடையோடு வந்தவர், ராஜி உள்ளே போயிருந்த நேரம் என்னிடம் கேட்டார். "நீ அங்கதானம்மா இருந்தே. நான் என்ன இல்லாததையா சொன்னேன்? அவ வந்தாளா இல்லையா?"

வந்தார்கள் என்றேன்.

"அப்புறம் இந்தப் பொண்ணுக்கு என்ன கோவம்?" என்றார். கண் கலங்கியிருந்தது. கரை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டார்.

அவர் இறக்கும்வரை ராஜிதான் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு வேலை கிடைத்த மாயவரத்து வாடகை வீட்டில் வைத்துப் பார்த்தாள். மாடியும் வண்ணக் கண்ணாடியும் வேண்டும் என்று அவர் கடைசியில் குழந்தை மாதிரி அடம்பிடித்தார். ராஜி தலையணையைச் சரிசெய்துவிட்டு, "பாக்கலாம்ப்பா" என்பாள்.

முத்துப்பேட்டை

அவர் போன மறுவருடம், அஞ்சலை முத்துப்பேட்டைப் பக்கம் இருப்பதாக ராஜிக்குத் தகவல் கிடைத்தது. என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அப்போது குடியிருப்பு மனைகளுக்குப் பட்டா கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை வாழ்ந்த மனையும் அதில் வரும்படி ராஜி தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து ஏற்பாடு செய்திருந்தாள். அதைச் சொல்லிவிட்டால் போதும், கையோடு அழைத்து வந்துவிடலாம் என்று பஸ் முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். அவள் அவ்வளவு பேசி நான் வெகுநாளாகக் கேட்டதில்லை.

அலையாத்திக் காட்டுக்குப் போகும் வாய்க்கால் ஓரம் கீற்றுக் குடிசை. அஞ்சலை இறால் உரித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. ராஜியைப் பார்த்து எழுந்தார், கையைப் புடவையில் துடைத்தார், துடைத்த கையால் தொடாமல் நின்றார்.

"பாப்பாவா? எளச்சுப் போயிட்டியே."

கலியன் எங்கே என்று ராஜி கேட்டாள். அவர் இறந்து நாளாகிவிட்டது. வயலில் வளர்ந்த மனிதர். படகு வேலை பழக்கமில்லை. காயலில் வலையோடு போனவரை மறுநாள் கண்டெடுத்திருக்கிறார்கள். அஞ்சலை இதை இறாலை உரித்துக்கொண்டே சொன்னார்.

ராஜி அழுது முடித்தபின் மனையைப் பற்றிச் சொன்னாள். "உங்க பேருக்கே பட்டா அஞ்சலம்மா. யாரும் எழுப்ப முடியாது. வாங்க, போவலாம்."

"அந்தத் தெருவுல நான் எப்படிப் பாப்பா நிப்பேன்?"

"நான் வந்து சொல்றேன். ஒவ்வொரு வீடா வந்து சொல்றேன். நீங்க என்னைப் பாக்கத்தான் வந்தீங்கன்னு."

"அதைத்தான் அன்னைக்கே சொல்லிட்டியே" என்றார் அஞ்சலை.

கோபமே இல்லாத குரல்.

"உன்னைப் பாத்துட்டு வான்னு அவருதான் என்னை அனுப்புனாரு. அந்த விரால்கூட அவரு புடிச்சதுதான். பாப்பா வந்திருக்கு, போயிட்டு வா, யாரு கேக்கப் போறான்னாரு. உங்கப்பா எல்லாரு முன்னாடியும் கேட்டப்ப அவருக்கு என்ன சொல்றதுன்னு வெளங்கல. உன் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னேன்னாரு. பாப்பா இல்லைன்னு சொல்லிடும்னு நெனச்சேன்னாரு." இறால் ஓட்டை ஒதுக்கித் தள்ளினார். "வரலன்னு ஒரு பொய்யி சொல்லியிருக்கலாம், கண்ணு. எல்லாரும் உன்னைத்தான் நம்பியிருப்பாங்க."

வாய்க்காலில் ஒரு தோணி போயிற்று.

"மத்தியானம் ஆச்சு. சாப்புடாம போவக் கூடாது" என்று அஞ்சலை எழுந்தார். பழைய சோற்றைப் பிழிந்து வைத்தார். இறாலை வதக்கினார். எனக்கும் அவளுக்கும் அலுமினியத் தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். ஊருக்கு வருவதாகவும் சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கடைசிவரை வரவில்லை.

ராஜி சாப்பிட்டாள். குனிந்த தலை நிமிராமல், அஞ்சலை வைக்க வைக்க, போதும் என்று ஒரு தடவைகூடச் சொல்லாமல் சாப்பிட்டாள்.